வலி நின்ற பல்

அக்காவுக்கு அது ஆறாவது மாதம். கீழ்வரிசையில் வலது பக்கம், கடைசிப் பல்லுக்கு முந்தின பல்லில் கறுப்பாக ஒரு குழி விழுந்து இரண்டு வருடமாகியிருந்தது. சோறு போய் அடைத்துக்கொள்ளும். தீக்குச்சியால் குத்தி எடுப்பாள், அதோடு மறந்துவிடுவாள். அந்த ஆவணியில்தான் அது வலிக்கத் தொடங்கியது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தாராபுரம் ரோட்டிலிருந்து பிரிகிற மண்பாதையில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அக்கா, மாமா, நான், மூன்று பேர்தான். காங்கேயத்தில் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்த அப்பா இறந்த பிறகு அக்கா என்னைத் தன்னோடு கூட்டி வந்து, தான் வேலை செய்த பனியன் கம்பெனியிலேயே செக்கிங்கில் சேர்த்துவிட்டாள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மாமா சாயப்பட்டறையில் இருந்தார். எத்தனை சோப்புப் போட்டாலும் அவர் நகக்கண்களில் நீலம் போகாது. அக்கா ஐந்தாம் மாதத்தோடு கம்பெனிக்குப் போவதை நிறுத்திவிட்டு, வீட்டில் உட்கார்ந்தபடியே பனியன்களுக்குப் பிசிறு வெட்டிக் கொடுத்தாள்.

வலி வந்த மூன்று நாளும் அவள் உட்காரவில்லை. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நடப்பாள். குளிர்ந்த தண்ணீர்க் குடத்தின் மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்து நிற்பாள். கிராம்பை நசுக்கி வைத்தோம். உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். நாலாம் நாள் காலையில் கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. மாமா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மாடியில், ஒரு பெண் பல் டாக்டர் புதிதாக வந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். முப்பது வயதுகூட இருக்காது. பல் டாக்டர் என்றால் பல்லைப் பிடுங்குபவர் என்றுதான் எங்களுக்குத் தெரியும். பிடுங்கிவிடச் சொல்லித்தான் போனோம். அவர் விளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, பிடுங்க வேண்டாம் என்றார்.

"பல்லுக்குள்ள நடுவுல நரம்பு ஓடுது. அது அழுகிப் போச்சு. சீழ் வெளிய வர வழியில்லாம வேருக்கடியில எலும்புல தேங்கி நிக்குது. இப்ப மேல திறந்து விடறேன், வலி குறைஞ்சிடும். அப்புறம் வேருக்குள்ள சுத்தம் பண்ணி, மருந்து வெச்சு, நிரந்தரமா அடைக்கணும். நாலு தடவை வரணும்."

மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "வயித்துல கொழந்தை இருக்குதுங்களே. ஒண்ணும் ஆகாதுங்களா?"

"குழந்தை இருக்கறதாலதான் சொல்றேன். இந்தச் சீழ் உள்ள இருக்கறதுதான் குழந்தைக்கு ஆபத்து. மருந்தெல்லாம் கர்ப்பத்துக்கு ஒத்துக்கறதாப் பார்த்துத்தான் எழுதறேன். எக்ஸ்ரே இப்ப வேண்டாம்."

ஊசி போட்டு, மரத்த பிறகு, பல்லின் மேலே துளைபோட்டார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். துளை உள்ளே இறங்கிய நொடியில் ஒரு நாற்றம் எழுந்தது. சாய ஓடையை மூக்கைப் பொத்தாமல் தாண்டிப் பழகிய எனக்கே குமட்டியது. மஞ்சளாக, பிறகு ரத்தம் கலந்து, பல்லுக்குள்ளிருந்து அது வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு சின்னப் பல்லுக்குள் அவ்வளவு எங்கே இருந்தது என்று எனக்குப் புரியவில்லை. டாக்டர் பஞ்சால் துடைத்துத் துடைத்துப் போட்டார். அக்காவின் கை என் கைக்குள் மெல்லத் தளர்ந்தது. அரை மணி நேரத்தில் கீழே வந்து ஒரு டம்ளர் பால் வாங்கிக் குடித்தாள்.

"சாமி கையிங்க அந்தம்மாவுக்கு," என்றாள் மாமாவிடம்.

இரண்டாவது தடவை நான்தான் கூட்டிப் போனேன். முடியைப் போல் மெல்லிய ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வேருக்குள் விட்டு விட்டு இழுத்தார் டாக்டர். பிறகு உள்ளே மருந்து வைத்து, வெள்ளையாக ஒரு பூச்சால் மூடினார். "இது தற்காலிகப் பூச்சு. ரொம்ப நாள் தாங்காது. இது விழறதுக்கு முன்னாடி வந்துடணும்," என்றார். அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லிச் சீட்டில் எழுதினார்.

அந்த வாரத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன.

பக்கத்து வீட்டில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு அம்மாள் இருந்தார். குழம்பு வைத்தால் அக்காவுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்காமல் சாப்பிட மாட்டார். அக்கா மாத்திரை விழுங்குவதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "வேணாம்த்தா. வயித்துப்பிள்ளக்காரி இம்புட்டுப் பெரிய மாத்திரையத் திங்கலாமா? எங்க ஊர்ல ஒருத்தி இப்படித்தான் தின்னு, பிள்ள ஊனமாப் பெறந்துச்சு." அக்கா அன்றே மாத்திரையை நிறுத்தினாள். மீதியை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தாள்.

இரண்டாவது என்னுடையது. என்னைக் கூலி கூடுதலான எக்ஸ்போர்ட் பகுதியின் கடைசி செக்கிங் டேபிளுக்கு மாற்றியிருந்தார்கள். ஷிப்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை அரைநாள் விடுப்புக் கேட்டபோது சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்காமலே, "இப்ப லீவு கேக்கற புள்ளைக்கு இந்த டேபிள் எதுக்கு?" என்றார். அந்த டேபிளை விட எனக்கு மனமில்லை. மாமாவுக்குப் பகல் ஷிப்ட். அக்காவைத் தனியாக பஸ்ஸில் அனுப்ப முடியாது.

நான்தான் முதலில் சொன்னேன். அக்கா சொல்லவில்லை. "வலிதான் இல்லியேக்கா. ஷிப்மென்ட் போவட்டும். அடுத்த வாரம் போலாம்."

"ஆமா புள்ள. நோவே இல்ல. சுத்தமா நின்னு போச்சு," என்றாள். அவளுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நாற்காலி அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் அந்த மருந்துக்கடைக்கு அக்காவின் சத்து டானிக் வாங்கப் போனேன். படியிறங்கி வந்த டாக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "உங்க அக்கா ஏன் வரலை?"

உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. வேலைக்காக என்று எப்படிச் சொல்வது. "அவிங்க காங்கயத்துக்குப் போயிட்டாங்க, பிரசவத்துக்கு," என்றேன். காங்கேயத்தில் எங்களுக்கு அப்போது யாருமே இல்லை.

அவர் படியிலேயே நின்றார். "அங்க ஒரு பல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க. வேரை இன்னும் அடைக்கலை, உள்ள வெறுமனே இருக்கு. வலி இல்லைங்கறதால சரியாப் போச்சுன்னு நினைச்சுடுவாங்க. நரம்பு செத்துட்டா வலிக்காது. அதனாலதான் எனக்குப் பயமா இருக்கு. கண்டிப்பாச் சொல்லுவீங்களா?"

"சொல்றனுங்க."

சொல்லவில்லை. சொன்னால், அப்போதே ஏன் போகவில்லை என்ற பேச்சு வரும். மறுபடி விடுப்புக் கேட்க வேண்டும். வீடு வந்து சேர்வதற்குள் அதை மனத்தில் எங்கோ தள்ளி வைத்துவிட்டேன்.

வெள்ளைப் பூச்சு எப்போது விழுந்தது என்று அக்காவுக்கே தெரியாது. ஒருநாள் நாக்கால் தொட்டுப் பார்த்து, "குழி மறுக்கா வந்துடுச்சு பாரு," என்றாள், ஏதோ வேடிக்கை போல. வலி இல்லை. கொஞ்ச நாள் கழித்து அந்தப் பல்லுக்குக் கீழே ஈறில் மிளகு அளவில் ஒரு கொப்புளம் தெரிந்தது. அது உடைந்தால் வாயில் உப்புக் கரிக்கும். துப்பிவிடுவாள். இரண்டு நாளில் மறுபடி நிரம்பும். மறுபடி உடையும். அப்போதும் வலி இல்லை. கண்ணாடி முன் உதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதைப் பார்ப்பது அவளுக்குக் காலை வழக்கமாகிவிட்டது. நானும் பார்ப்பேன். பார்க்கிற ஒவ்வொரு முறையும் அந்தச் சனிக்கிழமை நினைவுக்கு வரும். பல் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன்.

எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. ஒரு காலையில் அக்கா சிரித்துக்கொண்டே, "கொப்புளம் அமுங்கிப் போச்சு. தழும்புகூட இல்ல," என்று காட்டினாள். உண்மைதான். ஈறு மூடி, வழவழப்பாக இருந்தது. எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. நல்லவேளை, டாக்டரம்மா பயந்தது எதுவும் நடக்கவில்லை என்று நினைத்தேன்.

இரண்டு நாளில் தாடைக்குக் கீழே, வலது பக்கம், நெல்லிக்காய் அளவு கட்டி வந்தது. கூடவே காய்ச்சல். மாமா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். நான் பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டித் தோசைக்கல்லில் சூடாக்கி ஒத்தடம் கொடுத்தேன். வெளியிலிருந்து சூடு வைக்கக் கூடாது என்று முதல் நாளே டாக்டர் சொல்லியிருந்தது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. சூடு வைத்தபோது அக்காவுக்கு இதமாக இருந்தது. "இன்னொருக்கா வை கண்ணு," என்றாள். வைத்தேன்.

மறுநாள் காலை வீக்கம் தாடையின் இரண்டு பக்கமும் பரவி, கழுத்துக்கு இறங்கியிருந்தது. தொட்டேன். வழக்கமான வீக்கம் மாதிரி அமுங்கவில்லை. பலகை போல் கெட்டியாக இருந்தது. அக்காவால் வாயை ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. நாக்கு மேலே எழும்பி, பல் இடுக்கில் தெரிந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் வழிய விட்டுக்கொண்டிருந்தாள். வாயில் சுடுசோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போல் குரல் வந்தது. படுக்க வைத்தால் மூச்சு முட்டியது. கட்டிலின் விளிம்பில், வயிற்றைக் கையால் தாங்கி, முன்பக்கமாகக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குள் ஒரு சின்ன விசில் சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, மாமாவை அழைத்துவரத் தன் மகனைப் பட்டறைக்கு அனுப்பினார். நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. ரோட்டில் போன ஒரு டிவிஎஸ் ஃபிப்டி மொபெட்டை நிறுத்திப் பின்னால் ஏறிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டர் ஒருவருக்குப் பல் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்காவுக்கு மூச்சு விட முடியலீங்க. கழுத்தெல்லாம் வீங்கி, கல்லாட்டம் இருக்குதுங்க," என்றேன்.

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "நாக்கு மேல தூக்கியிருக்கா?"

"ஆமாங்க."

நாற்காலியில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார். கீழே மருந்துக்கடைப் பக்கத்தில் ஒரு வேன் நின்றிருந்தது. முதலிபாளையத்துக்குத் துணி உருளைகளை ஏற்றிப் போகிற வேன். அதன் டிரைவர், வயதான ஒரு முஸ்லிம், டீ குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவரிடம் நேராகப் போய், "பாய், ஒரு உயிர் போயிட்டிருக்கு. கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றார்.

"ஏறுங்கம்மா," என்றார் அவர். டீயைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அந்தச் சரக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டியது, அவருக்கு அதனால் என்ன வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டில் மாமா வந்து சேர்ந்திருந்தார். அக்காவைப் படுக்க வைத்துத் தூக்கப் போனவரை டாக்டர் தடுத்தார். "படுக்க வெச்சா வழியிலேயே அடைச்சிடும். உட்கார்ந்தபடியே இருக்கட்டும்." துணி உருளைகளுக்கு நடுவே அக்காவை உட்கார வைத்து, மாமா பின்னாலிருந்து தாங்கிக்கொண்டார். டாக்டர் அவள் முன்னால் மண்டியிட்டு, நாடியைப் பிடித்தபடி வந்தார்.

அவிநாசி தாண்டியிருப்போம். டாக்டர் என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார். "ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொன்னீங்களே. எப்ப திரும்பி வந்தாங்க? அங்க டாக்டரைப் பார்த்தாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் மாமா சொன்னார். "ஊருக்குங்களா? அவ எங்கீங்க போனா. ஊட்டுலயேதான இருந்தா."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்தாள். வாய் திறக்க முடியாது, பேச முடியாது. கண்கள் மட்டும் என் மேல் இருந்தன. கோபமா, கேள்வியா என்று சொல்லத் தெரியவில்லை. கோயம்புத்தூர் வரும்வரை அந்தப் பார்வையை அவள் எடுக்கவில்லை. நான் துணி உருளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த விசில் சத்தம் ஒவ்வொரு மேட்டிலும் நின்று நின்று மறுபடி வந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை உட்கார்ந்த நிலையிலேயே உள்ளே கொண்டுபோனார்கள். முதலில் தொண்டைக்குக் கீழே துளைபோட்டு மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் மயக்கம் கொடுத்து, தாடைக்கடியில் இரண்டு இடத்தில் கீறி விட்டார்கள். பல்லையும் அப்போதே எடுத்தார்கள். கையெழுத்து வாங்க வந்த நர்ஸிடம் மாமா, "ரெண்டு பேரும் பொழைப்பாங்களா?" என்று கேட்டார். நர்ஸ் காகிதத்தில் எங்கே போட வேண்டும் என்று மட்டும் காட்டினார்.

மறுநாள் காய்ச்சலோடு இடுப்புவலி கண்டது. ஆண் குழந்தை. ஒரு நாள் இருந்தான். என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரையிலான நீளம்தான் இருந்திருப்பான். மாமா தனியாகப் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

அக்காவுக்கு நான்காம் நாள்தான் நினைவு தெளிந்தது. தொண்டைக் குழாயால் பேச்சு வராது. மாமா ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கி வந்து கொடுத்தார். அவள் முதலில் எழுதியது, 'புள்ள எங்க'. மாமா அதைப் படித்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். நோட்டு என் மடியில் இருந்தது. இந்த முறையும் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று ஒரு நிமிடம் மனம் போனது. பிறகு, "இல்லக்கா," என்றேன். "ஒரு நாள் இருந்தான். பொறவு போயிட்டான்."

அவள் பென்சிலை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கு வேறெதுவும் எழுதவில்லை.

குழாய் எடுக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அவள் எதைக் கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். தண்ணீர், வெயில் படுது, தலை வாரி விடு என்றெல்லாம் எழுதினாள். வேனில் கேட்டதைப் பற்றி எழுதவில்லை. குரல் திரும்பிய பிறகும் கேட்கவில்லை. மாமாவும் கேட்கவில்லை. அவர் என்னிடம் பேசுவதே குறைந்துபோனது. சோறு வைத்தால் சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார். எனக்குக் கல்யாணம் முடிந்து நான் வேறு வீடு போகும்வரை அப்படித்தான் இருந்தது. எக்ஸ்போர்ட் டேபிளை நான் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

அக்காவுக்கு இரண்டு வருடம் கழித்து ஒரு பெண் பிறந்தாள். நல்லபடியாகத்தான் பிறந்தாள். அக்காவின் வாய் மட்டும் பழையபடி திறக்கவேயில்லை. இரண்டு விரல் நுழையும், அவ்வளவுதான். கொட்டாவி விட்டால் தாடையைக் கையால் பிடித்துக்கொள்வாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கும் ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. அதே டாக்டரிடம்தான் போனேன். வேறு யாரிடமாவது போயிருக்கலாம். துணைக்கு யாரும் இல்லாததால் அக்கா வந்தாள். முறை வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே சுவரில் ஒரு பல்லின் குறுக்குவெட்டுப் படம் மாட்டியிருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன். எட்டு வருடம் கழித்து, அந்த இடத்தில் வைத்துத்தான் எனக்குச் சொல்ல முடிந்தது. "டாக்டரம்மா அன்னிக்கு உன்கிட்டச் சொல்லச் சொன்னாங்க அக்கா. நான் சொல்லல. டேபிள் போயிருமேன்னு சொல்லல."

"தெரியும் புள்ள. வேன்லயே தெரிஞ்சுது."

"ஏன் ஒருக்காக்கூடக் கேக்கல?"

சேலைத் தலைப்பால் தாடைக்கடியில் இருந்த தழும்பைத் துடைத்தாள். வேர்க்கும்போது அங்கே அரிக்கும் என்பாள். "நீ சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன்னு சொல்லோணும்னு பல தடவை நெனச்சிருக்கறேன். அப்படிச் சொன்னா உனக்கு ஆறுதலா இருக்கும். ஆனா, எனக்குத் தெரியல. போயிருப்பேனோ என்னமோ."

அவள் குரலில் கசப்பு இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்து எனக்கு முன்னால் நடந்தாள்.